முன்னால் போகிற வண்டி

இவர் வண்டியைத் தொண்ணூறில் போட்டுவிட்டார். கயத்தாறு டோல்கேட்டைத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் இருக்கிற பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினார், மீட்டருக்கு நடுவே பச்சையாக ஒரு குட்டி வண்டிப் படம் வந்தது, அவ்வளவுதான், இனி அவருடைய வலது காலுக்கு வேலை கிடையாது. பிரேக்குக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது அந்தக் கால். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். வெளியே பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது, காற்றாலைகள் ஒன்று சுற்றுகிறது ஒன்று சும்மா நிற்கிறது, உழுது போட்ட கரிசல் வெடித்துக் கிடக்கிறது, காலை வெயில் இன்னும் சுட ஆரம்பிக்கவில்லை. எனக்கு என்னவோ கட்டின புருஷனின் பாதத்தை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பார்த்ததில்லை. ஒரு வேன் இடது பக்கத்திலிருந்து எங்களுக்கு முன்னால் ஏறுகிறது, தீப்பெட்டிக் கட்டுகளை மேலே வரைக்கும் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறான், கயிற்றின் நுனி காற்றில் அடித்துக்கொள்கிறது. எங்கள் வண்டி தானாகவே மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. தொண்ணூறு எழுபதாகிறது. பச்சைப் படத்துக்கு முன்னால் இன்னொரு குட்டி வண்டியும் இரண்டுக்கும் நடுவே மூன்று கோடுகளும் வந்துவிட்டன. அவர் கால் அசையவில்லை. அசைய வேண்டியதில்லை என்றுதான் இந்த ஏற்பாடே. அப்புறம் எதற்காக நான் பார்க்கிறேன். மதுரை போய்ச் சேருவதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதற்காகப் பார்க்கிறேன். மகள் ஷைனி வீட்டுக்குப் போகிறோம், இனி அங்கேயே இருக்கப் போகிறோம், திங்கட்கிழமையிலிருந்து பேத்தி ஜெமியைத் தினமும் இந்த வண்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டுக் கூட்டிவர வேண்டியது இவர் பொறுப்பு. சொல்வதாக இருந்தால் அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். எதைச் சொல்ல. சொல்கிற மாதிரி என்ன நடந்துவிட்டது.

வண்டியோடு வந்த புத்தகத்தை இவர் தொட்டதே இல்லை. நாற்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவனுக்குப் புத்தகம் எதுக்கு என்றார். நான்தான் மத்தியான நேரங்களில் கட்டிலில் படுத்துக்கொண்டு கதைப்புத்தகம் மாதிரி முழுவதையும் படித்தேன். முன்பக்கம் கம்பெனி முத்திரைக்குப் பின்னால் ஒரு ரேடார் ஒளிந்திருக்கிறது, உள்ளே கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமரா. ரேடார் என்றதும் எனக்கு யுத்தக் கப்பல்தான் ஞாபகம் வந்தது, படித்துப் பார்த்தால் அது வேறொன்றுமில்லை, ஹலோ சொல்கிற வேலை. காதுக்குக் கேட்காத ஒரு ஹலோவை முன்னால் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அது முன்னால் போகிற வண்டியின் முதுகில் பட்டுத் திரும்பி வருகிறது. வர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால் எவ்வளவு தள்ளி இருக்கிறான் என்று தெரிந்துவிடும். திரும்பி வருகிற குரலின் சுருதி கூடியிருந்தால் நெருங்குகிறோம், இறங்கியிருந்தால் அவன் விலகிப் போகிறான். நெருங்கினால் இது வேகத்தைக் குறைக்கும், போதாவிட்டால் பிரேக்கையும் தானே பிடிக்கும், அவன் வழியை விட்டு ஒதுங்கிவிட்டால் மறுபடி நாம் சொன்ன தொண்ணூறுக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்கு ஒரே வாசிப்பில் புரிந்தது. டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவளுக்குப் புரியாமல் எப்படி. அந்த மூன்று கோடுகள்கூட மீட்டர் கணக்கு இல்லை, நேரக் கணக்கு. அவன் இப்போது கடக்கிற இடத்துக்கு நாம் எத்தனை நொடி கழித்து வந்து சேருவோம் என்கிற கணக்கு, அதனால்தான் வேகம் கூடக்கூட நடுவிலுள்ள தூரமும் நீள்கிறது. ஓடுகிற வண்டியைத்தான் இதற்கு நன்றாக அடையாளம் தெரியும், ரோட்டில் பழுதாகி நிற்கிற லாரியையோ குறுக்கே வருகிற மாட்டையோ எதிர்ப்பக்கமாகவே வருகிற சைக்கிளையோ பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். வளைவில் முன்னால் போகிறவனைத் தொலைத்துவிடலாம். இப்படி ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள், பொறுப்பு ஓட்டுகிறவருடையது என்று. இவ்வளவு பயம் இருக்கிறவர்கள் எதற்காக விற்கிறார்கள் என்று அப்போது எரிச்சலாக வந்தது.

நானும் ஹலோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. ஏங்க, இன்னைக்கு என்ன கிழமை என்று அப்பட்டமாகக் கேட்கக் கூடாது, கோபம் வந்துவிடும். ஏங்க, பால்காரருக்கு நாளைக்கு வேண்டாம்னு சொல்லிட்டீங்களா, ஏங்க, அந்தச் சங்கரன்கோவில் டாக்டர் பேரு என்ன, குட்டையா இருப்பாரே, என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். மருந்துக் கம்பெனி ரெப்பாக மூன்று மாவட்டத்தையும் பைக்கிலும் காரிலும் அளந்தவர் ஆசீர், எந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், யாருக்குப் பேனா பிடிக்கும், யாருக்குக் காலண்டர் கொடுத்தால் முகம் சுளிப்பார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். முன்பெல்லாம் நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வரும், கேட்காததற்கும் சேர்த்து வரும். இப்போது வருகிறது, வராமல் இல்லை, ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கோடுகள் கூடிக்கொண்டே போகின்றன. அந்த இடைவெளியை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நானே பெயரை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். கடையில், கல்யாண வீட்டில், யாராவது வந்து என்னைத் தெரியுதா சார் என்று கையைப் பிடித்தால் நான் முந்திக்கொண்டு, அட நம்ம தங்கராஜா, என்கிறேன். போன ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா வாரத்தில் கோவிலில் வேதபாடம் வாசித்தார், ஒரே வசனத்தை இரண்டாம் தரம் வாசித்துவிட்டு மூன்றாவதுக்கும் போனார், நான் பெஞ்சிலிருந்து இருமினேன், பலமாக இருமினேன், அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார். ஆராதனை முடிந்து பாதிரியார் ஐயர் வெளியே வந்து, அழுத்திச் சொன்னது நல்லாருந்துச்சு அண்ணாச்சி, என்றார். நான் சிரித்தேன். இவரும் சிரித்தார். வண்டி ஓட்டுவதில் மட்டும் ஒரு குறையும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு அழகாக ஓட்டுகிறார், உலுக்கல் இல்லை, திடீர் பிரேக் இல்லை, மருமகன் எட்வின்கூட, மாமா இப்பத்தான் நிதானமா ஓட்டுதாங்க, என்று மெச்சினான். ரோடு இவர் உடம்பில் ஊறிப்போனது, மற்றது மறந்தாலும் அது மறக்காது என்று நினைத்தேன். ஓட்டினது யார் என்று நான் யோசிக்கவே இல்லை.

"ஏங்க, கோவில்பட்டி தாண்டியாச்சா?"

"அப்பவே தாண்டியாச்சே. நீ தூங்கிட்டியா?"

டக்கென்று வந்த பதில். பார், எவ்வளவு சரியாகச் சொல்கிறார், நீதான் ஒரு சின்ன விஷயத்தை ஊதி ஊதிப் பெரிதாக்குகிறாய். வயதானால் யாருக்குத்தான் மறதி இல்லை, நான் நேற்று மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடவில்லையா. இந்தக் குரலை எனக்கு முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தெரியும். சங்கரன்கோவிலில், ராஜபாளையத்தில், எந்த லாட்ஜில் தங்கினாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பாளையங்கோட்டையில் இருக்கிற அம்மாவுக்கு எங்கள் எக்சேஞ்ச் வழியாக டிரங்க் கால் போடுவார், பக்கத்து வீட்டு நம்பருக்கு. நான் லைனைச் சேர்த்துக் கொடுப்பேன். அம்மா பேசி முடித்து வைத்த பிறகும் இவர் வைக்க மாட்டார். லைன்ல இருக்கீங்களா என்று நான் கேட்பேன், அது கேட்க வேண்டிய முறை. இருக்கேன் என்பார். அதற்குமேல் ஒன்றும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன், பேசினால் சூப்பர்வைசர் பிடித்துக்கொள்வாள். வேலை நேரத்தில் அத்தனை லைன் பார்த்திருக்கிறேன், அறுந்த லைனுடைய மௌனம் வேறு, அந்தப் பக்கம் ஆள் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிற மௌனம் வேறு. அறுந்ததில் ஆழமே இருக்காது. இருக்கிறதில் மூச்சு இருக்கும், மின்விசிறிச் சத்தம் இருக்கும். எனக்கு அது காதிலேயே தெரியும், ஒருநாளும் தப்பினதில்லை. பைக் ஒன்று சர்வீஸ் ரோட்டிலிருந்து சடாரென்று உள்ளே ஏறுகிறது, பின்னால் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்து ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறாள், எங்களுக்கும் தீப்பெட்டி வேனுக்கும் நடுவே நுழைந்துவிட்டான், நான் டேஷ்போர்டைப் பிடித்துக்கொள்கிறேன், வண்டி பிரேக்கைப் பிடித்து முன்னால் சாய்கிறது, பீப் பீப் என்று கத்துகிறது, பைக் வேனையும் முந்திக்கொண்டு போய்விடுகிறது. கால். நான் காலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் முடிந்து வண்டி மறுபடி வேகம் எடுக்கத் தொடங்கின பிறகு அவர் கால் மெதுவாக எழுந்து பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது, உட்கார்ந்த வேகத்தில் எழுந்தும் கொண்டது. பிந்தி வந்த பதில். "பாத்தியா, நான் பிடிச்சேன்," என்கிறார் என்னைப் பார்த்து. ஆமா என்றேன். ஏன் ஆமா என்றேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். இந்த வண்டியும் நானும் ஒரே வேலைதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் இடிப்பதற்கு முன்னால் பிடித்துவிடுகிறோம், பிடித்தது அவர்தான் என்று அவரை நினைக்கவிடுகிறோம், கூட இருப்பவர்களையும் நினைக்கவிடுகிறோம். பலன் என்ன, ஷைனிக்குத் தெரியாது, எட்வினுக்குத் தெரியாது. திங்கட்கிழமை ஜெமி பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மதுரைக்குள்ளே இந்தப் பச்சைப் படமெல்லாம் எதற்கு ஆகும், ஆட்டோவும் மாடும் நின்றுபோன பஸ்ஸும், எது இதன் கண்ணில் படும் எது படாது. சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் இவருக்கு என்ன மிச்சம் இருக்கும். ஜெமியைக் கூட்டிக்கொண்டு போகிற வேலைக்காகத்தான் மனுஷன் இந்த ஒரு மாதமாகச் சட்டையை அயர்ன் பண்ணிப் போடுகிறார். ஒருவேளை முதல் வாரம் நானும் கூடப் போய்ப் பார்த்துவிட்டு. நான் கூடப் போனால் மட்டும், எனக்கு ஸ்கூட்டர் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது, இருமுவேனா. சாத்தூர் வருகிறது. தீப்பெட்டி வேன் இடதுபக்கம் விளக்கைப் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏறாமல் கீழே இறங்குகிறது. எங்கள் வண்டியிலும் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது. இவரும் இடதுபக்க விளக்கைப் போட்டிருக்கிறார். நல்லதுதான், டீ குடிக்கலாம், சாத்தூர் சேவு வாங்கினால் ஷைனிக்குப் பிடிக்கும், நானே சொல்ல வேண்டும் என்றிருந்தேன். டீக்கடை போகிறது. அடுத்த டீக்கடையும் போகிறது. வேன் திரும்புகிறது, நாங்களும் திரும்புகிறோம். சிவகாசி என்று பலகையில் அம்புக்குறி போட்டிருக்கிறது. டாய்லெட்டாக இருக்கும். பெட்ரோலாக இருக்கும், காலையில்தானே நிரப்பினார், காற்றுப் பிடிக்கப் போகிறாராக இருக்கும். குறுகலான ரோடு, இரண்டு பக்கமும் கருவேலம், எதிரே லாரி வரும்போது இவர் ஒதுங்கி வழிவிடுகிறார், எவ்வளவு லாவகமாகத் திருப்புகிறார். திருப்புகிறார். இந்த ஏற்பாட்டுக்கு வேகம் மட்டும்தான் தெரியும், வழி தெரியாது. ஸ்டியரிங்கைத் திருப்புவது இவருடைய கை. விளக்குப் போட்டது இவருடைய கை. வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

"ஏங்க, இது எங்க போற ரோடு?"

பதில் வரவில்லை. முன்னால் கயிற்றின் நுனி அடித்துக்கொண்டே போகிறது.

"முன்னால அவன் போறாம்லா," என்றார்.

இந்த ரோட்டில் இவர் எத்தனை தடவை வந்திருப்பார். சிவகாசியில் இவருக்கு இருபது டாக்டர்கள். அவன் போகிறான் என்றால் என்ன அர்த்தம், யார் அவன், எதற்காக நாம் அவன் பின்னால். குரல் மட்டும் நான் லாட்ஜ் போனில் கேட்ட அதே குரல், அதில் ஒரு மாற்றமும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ரயில்வே கேட் அடைத்திருக்கிறது. வேன் நிற்கிறது. எங்கள் வண்டியும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவன் முதுகுக்கு மரியாதையான தூரம் விட்டு, அலுங்காமல் நிற்கிறது. எனக்கு இந்த வண்டியின் மேல் இப்போது ஒரு கோபம் வருகிறது, எவ்வளவு நல்லபடியாகத் தப்பான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வெள்ளரிக்காய் விற்கிற அம்மாள் ஒவ்வொரு ஜன்னலாக வருகிறாள். கூட்ஸ் வண்டி போகிறது, முடியவே முடியாத கூட்ஸ் வண்டி, கறுப்புத் தொட்டி தொட்டியாகப் போய்க்கொண்டிருக்கிறது, இவர் அதைச் சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட் ஏறுகிறது. வேன் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போகிறது. நாங்கள் போகவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சிறிது நேரம் நின்றால் முன்னால் உள்ளவன் நகர்ந்ததும் தானே நகரும், அதற்குமேல் நின்றுவிட்டால் தானாக நகராது, ஓட்டுகிறவர் பொத்தானை அமுக்க வேண்டும் அல்லது காலை வைத்து லேசாக மிதிக்க வேண்டும், ஆள் இருக்கிறார் என்று அதற்குத் தெரிய வேண்டும். மீட்டரில் பச்சைப் படம் விட்டுவிட்டு மின்னுகிறது. டிங் என்கிறது. மறுபடி டிங். வண்டி இவருக்காகக் காத்திருக்கிறது, இவர் வண்டிக்காகக் காத்திருக்கிறார். இரண்டு கையும் ஸ்டியரிங்கின் மேல் ஒழுங்காக இருக்கிறது, அயர்ன் பண்ணின சட்டை, முகத்தில் ஒரு பொறுமை. பின்னால் ஹாரன். பஸ்காரன் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெரிசு, எடுக்கியா இல்ல அங்கயே குடி இருக்கியா," என்கிறான். நான் இருமவில்லை. எடுத்துக் கொடுக்கவில்லை. இவ்வளவு காலமும் செய்யாததை அந்தக் கேட்டில்தான் செய்தேன், பதில் வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "பியூலா, நாம மதுரைக்குல்லா போகணும்," என்றார்.

"ஆமாங்க. கால வச்சு லேசா மிதிங்க. தண்டவாளத்தத் தாண்டி ஓரமா நிறுத்துவோம்."

மிதித்தார். தாண்டினோம். ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவிக்குப் பதிலாக இருக்கிற அந்த வட்டப் பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்காரன் எங்களைத் தாண்டும்போதும் ஏதோ திட்டிவிட்டுப் போனான். அவர்தான் முதலில் பேசினார்.

"போன மாசம் தூத்துக்குடிக்கு ஒரு சாவுக்குப் போனேன்லா. ஒரு லாரி பின்னால திருச்செந்தூர் வரைக்கும் போயிட்டேன். கடலப் பாத்த பொறவுதான் தெரிஞ்சுது."

"எங்கிட்ட சொல்லலியே."

"என்னத்தச் சொல்ல. வழி இருந்தாப்ல இருந்து இல்லாமப் போயிருது பியூலா. இதப் போட்டுக்கிட்டா பயம் இல்ல. யாரு பின்னாலயாவது போயிரலாம்னு இருக்கு."

நான் மறைத்ததாக நினைத்தேன். இந்த மனுஷனும் எனக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு, நான் எடுத்துக் கொடுக்கிற பெயர்களை வாங்கிக்கொண்டு, இருமினால் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, என்னைக் கலவரப்படுத்தாமல் எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்துக் கொடுத்தார், வேறு துணி இல்லை. பிறகு அவரே ஸ்டியரிங்கில் போன் படம் போட்ட பொத்தானை அமுக்கி ஷைனியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் டக்கென்று வந்தது.

"என்னப்பா, எங்க வாரீங்க? இட்லி ஆறிட்டு இருக்கு," என்றாள் ஷைனி, வண்டி முழுவதும் அவள் குரல்.

"சாத்தூர்ல நிக்கோம். எட்வினப் பஸ் ஏறி வரச் சொல்லும்மா. இனிமே வண்டி அவன் ஓட்டட்டும்."

"ஏன், வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. ஜெமிக்கு ஸ்கூல் வேனுக்குச் சொல்லிரு. நான் வீட்டு கேட் வரைக்கும் நடந்து போயி ஏத்திவிடுதேன். வந்ததும் இறக்குதேன். அது போதும் எனக்கு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது, மூச்சு கேட்டது, ஆள் இருக்கிறாள். அம்மா என்றாள் ஒரு தடவை. நான் வந்து சொல்லுதேன்ட்டி என்றேன். வைத்துவிட்டாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன், வேப்பங்காற்றோடு தார் வாசனையும் வந்தது. வெள்ளரிக்காய் அம்மாள் தண்டவாளத்தைத் தாண்டி எங்களை நோக்கித்தான் நடந்து வந்துகொண்டிருந்தாள். ரோடு இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது, பின்னால் போவதற்கு ஒரு வண்டி இல்லை. எட்வின் வந்து சேர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் எவ்வளவு நேரம், எத்தனை வருஷம், இதேபோலத்தான் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், ஒருநாள் கேட்டுவிட்டுக் காத்திருந்தால் பதிலே வராது, மூச்சுச் சத்தம் கேட்கும் ஆனால் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று என் காதுக்குத் தெரியாது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேனோ. அவர் தலையைச் சாய்த்து என் முகத்தைப் பார்த்தார்.

"லைன்ல இருக்கியா?" என்றார்.

இருக்கேன் என்று சொல்ல எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது.